மெலிந்த விட்டம் ஏன் கணினியில் வளைய மறுத்தது?

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் தொய்யும் என்று பொறியாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். விமானம் பறப்பதற்கு முன்பே அதன் இறக்கை நுனி எவ்வளவு மேலெழும் என்றும் சொல்லிவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால், ‘கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம்’ என்பார்கள். அப்படியானால் அது தப்பாகச் சொல்லவே சொல்லாதா? கூட்டல் பெருக்கலில் கணினி பிசகாது என்பது நமக்குத் தெரியும். கூட்டல் பெருக்கல் அத்தனையும் சரியாக இருந்து, விடை மட்டும் தவறாக வர முடியுமா?

முடியும். 20,000 மடங்கு தவறாகவே வர முடியும். அதைக் காட்ட ஓர் எஃகு ஸ்கேல் போதும்.

மேசை விளிம்பில் ஸ்கேலை வைத்து, ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, 250 மி.மீ. நீளத்தை வெளியே நீட்டிக்கொள்வோம். ஸ்கேலின் அகலம் 25 மி.மீ., தடிமன் 1 மி.மீ. நீண்டிருக்கும் நுனியில் ஏறத்தாழ 20 கிராம் எடையைத் தொங்கவிட்டால் நுனி 2.5 மி.மீ. இறங்கும். கல்லூரிப் பாடநூலில் உள்ள பழைய சூத்திரமும் இதையே சொல்லும். கையில் அளந்தாலும் அவ்வளவுதான் இருக்கும். அதே ஸ்கேலை, பார்க்க எந்தக் குறையும் தெரியாத ஒரு முறையில் கணினிக்குக் கொடுத்தால் அது சொல்லும் தொய்வு 0.000125 மி.மீ. பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால்பங்குகூட இல்லை. கணினியைப் பொறுத்தவரை அந்த ஸ்கேல் வளையவே இல்லை.

துண்டு போட்டுக் கணக்கிடுதல்

பாலம், கப்பல், இறக்கை போன்ற சிக்கலான வடிவங்களுக்கு ஒரே சூத்திரத்தில் விடை கிடைக்காது. அதனால் பொறியாளர்கள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய விதி ஒன்றை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். போயிங் நிறுவனத்தின் டர்னரும் அவரோடு கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை விமானக் கட்டமைப்புகளுக்கு இந்த வழியைத் திறந்துவிட்டது. இதற்கு ஃபைனைட் எலிமென்ட் முறை என்ற பெயரை 1960-இல் வைத்தவர் ரே கிளஃப். நாம் சிறுகூறு முறை என்று சொல்லலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு கூறு. கூறுகள் ஒன்றோடொன்று சேரும் இடம் கணு.

கணினி கணுக்களில் மட்டும்தான் விடை தேடுகிறது. நம் ஸ்கேலில் ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு எண்கள் உண்டு. அந்த இடம் எவ்வளவு கீழே இறங்கியது என்பது ஒன்று; அந்த இடத்தில் ஸ்கேலின் குறுக்குவெட்டு எவ்வளவு சாய்ந்தது என்பது இன்னொன்று. இரு கணுக்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதைக் கணினி தானாக அறியாது. நாம்தான் சொல்ல வேண்டும். மிக எளிய கூறில் நாம் சொல்வது, ‘இரண்டையும் நேர்க்கோட்டால் இணைத்துக்கொள்’ என்பதே. இறக்கத்துக்கு ஒரு நேர்க்கோடு, சாய்வுக்கு ஒரு நேர்க்கோடு.

நியாயமான ஏற்பாடுதான். துண்டுகளைப் போதிய அளவு சிறிதாக்கினால் எந்த வளைகோடும் நேர்க்கோடுகளின் தொடராகத்தானே தெரியும்? கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று எளிதில் யாருக்கும் தோன்றாது.

வளைவும் சறுக்கமும்

ஒரு விட்டம் இரண்டு விதமாக உருமாறும். ஒன்று வளைவு. இன்னொன்று, தடித்த நோட்டுப் புத்தகத்தின் மேலட்டையைத் தள்ளினால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதுபோல, உள்ளடுக்குகள் நகர்வது. இதைச் சறுக்கம் என்போம். பொறியியல் வகுப்பில் ஷியர் என்பார்கள். சறுக்கம் இல்லாமல் வளைந்தால், விட்டத்தின் குறுக்குவெட்டு அதன் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகவே நிற்கும். அதாவது நடுக்கோடு எவ்வளவு சரிகிறதோ, குறுக்குவெட்டும் அவ்வளவே சாயும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசம்தான் சறுக்கத்தின் அளவு. இந்த அத்தியாயம் முழுவதற்கும் இந்த ஒரு வரையறையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

18-ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் டேனியல் பெர்னூலியும் தந்த விட்டக் கோட்பாடு சறுக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. மெலிந்த விட்டங்களில் அதன் பங்கு அற்பம் என்பதால் நஷ்டமும் இல்லை. நம் ஸ்கேலின் 2.5 மி.மீ. தொய்வில் சறுக்கத்தின் பங்கு 80,000-இல் ஒன்று. தடித்த, குட்டையான விட்டங்களில் நிலைமை வேறு. அவற்றுக்கும் பொருந்தும்படி சறுக்கத்தையும் சேர்த்துக் கோட்பாட்டை விரித்தவர் உக்ரைனில் பிறந்த ஸ்டீபன் டிமோஷென்கோ. அவர் கட்டுரை 1921-இல் வந்தது.

பழைய கோட்பாட்டில் சரிவும் சாய்வும் ஒன்றே, பிணக்குக்கு இடமில்லை. ஆனால் அதைச் சிறுகூறாக்கும்போது கூறுகள் சேருமிடத்தில் சரிவும் முறியாமல் தொடர வேண்டும். விட்டத்தில் இது சுலபம். தகடுகளிலும் ஓடுபோன்ற வளைபரப்புகளிலும் பெருந்தலைவலி. டிமோஷென்கோ வழியில் இரண்டும் தனித்தனி எண்கள் என்பதால் நேர்க்கோடுகளே போதும். தடித்த விட்டத்துக்கும் மெலிந்த விட்டத்துக்கும் ஒரே கூறு என்ற ஆசையும் அதோடு சேர்ந்துகொண்டது. விரிவான கோட்பாட்டை எளிய கோடுகளால் எழுதப் போன இடத்தில்தான் வினை வந்தது.

ஒரே ஒரு கூறு

ஸ்கேல் முழுவதையும் ஒரே கூறாக எடுத்துக்கொண்டு, கணினி உள்ளே செய்வதைக் கையால் செய்து பார்ப்போம். இடது முனை பிடிக்குள் இருக்கிறது. அங்கே இறக்கமும் இல்லை, சாய்வும் இல்லை. வலது முனையில் குறுக்குவெட்டு 10 அலகு சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்வு நேர்க்கோடாக ஏறுவதால் இடது முனையில் 0, நடுவில் 5, வலது முனையில் 10.

இறக்கமும் நேர்க்கோடு. நேர்க்கோட்டின் சரிவு எல்லா இடத்திலும் ஒன்றுதான். எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? 5 என்று வைத்தால் நடுவில் பொருந்தும். அதற்கு மேல் என்ன செய்தாலும் முழுப் பொருத்தம் கிடைக்காது. இடது முனையில் சரிவு 5, சாய்வு 0, வித்தியாசம் 5. வலது முனையில் சரிவு 5, சாய்வு 10. வித்தியாசம் எதிர்ப்பக்கமாக 5.

வித்தியாசம்தானே சறுக்கம்? அப்படியென்றால் ஸ்கேலின் ஒரு பாதி ஒரு பக்கமும், மறுபாதி மறுபக்கமும் சறுக்கிக்கொண்டிருப்பதாகக் கணினி எண்ணுகிறது. உண்மையான ஸ்கேலில் இப்படி எதுவும் நடக்கவில்லை. அதன் நடுக்கோடு வளைகோடு. இடத்துக்கு இடம் அதன் சரிவு மாறி, சாய்வோடு கூடவே போகிறது. நாம் கொடுத்த நேர்க்கோட்டால் அப்படிப் போக முடியவில்லை. அதனால் பிறந்தது இந்தப் பொய்ச் சறுக்கம்.

பொய்யாக இருந்தாலும் கணக்கில் அதற்குச் செலவு உண்டு. எந்த வடிவத்துக்கு ஆற்றல் மிகக் குறைவாகச் செலவாகுமோ, அதையே கணினி விடையாகத் தேர்ந்தெடுக்கிறது. தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் சறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பும் பாதியாகும். வளைவை எதிர்க்கும் விறைப்போ எட்டில் ஒன்றாகிவிடும், ஏனென்றால் அது தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே விட்டம் மெலிய மெலிய, வளைவுச் செலவைவிடப் பொய்ச் சறுக்கச் செலவு பூதாகரமாகும். நம் ஸ்கேலில் அது 20,000 மடங்கு. கொஞ்சம் வளைந்தாலே இவ்வளவு செலவு என்றால் குறைந்த செலவு எது? வளையாமல் இருப்பதுதான். கணினி அதையே தேர்ந்தெடுக்கிறது, நேர்மையாக, பிசகில்லாமல்.

பொறியாளர்கள் இதை ஷியர் லாக்கிங் என்கிறார்கள். நமக்குச் சறுக்கப் பூட்டு.

பொடிப்பொடியாக நறுக்கினால்?

துண்டுகளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் மருந்து. கொள்கையளவில் சரியும்கூட. 10 கூறுகளாக்கினால் தொய்வு 0.012 மி.மீ. ஆகிறது. 100 கூறுகள் போட்டால் 0.83 மி.மீ.; இன்னும் உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான். 1,000 கூறுகளுக்கு 2.45 மி.மீ. ஒரு கையளவு ஸ்கேலுக்கு ஆயிரம் துண்டு! ஒவ்வொரு கூறின் நீளமும் ஸ்கேலின் தடிமனைவிடச் சிறிதான பிறகுதான் விடை உண்மையை நெருங்குகிறது. இதே விகிதத்தில் ஒரு விமான இறக்கையின் மேற்தோலை நறுக்க வேண்டுமென்றால் எத்தனை கோடித் துண்டுகள் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 1970-களின் கணினிகளிடம் அதைக் கேட்டிருக்கவே முடியாது.

நம்பும்படி வரும் தவறு

20,000 மடங்கு பிழையைக் கண்டு நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதை யாரும் நம்ப மாட்டார்கள். எனக்குப் பயம் தருவது நம்பும்படி வரும் பிழை.

நீளம் ஆழத்தைப் போல 10 மடங்கு உள்ள ஒரு எஃகு விட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண விகிதம். அதே எளிய கூறில் 10 துண்டாக்கினால், கணினி சொல்லும் தொய்வு உண்மையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. 20 துண்டாக்கினால் 7 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. 20 மி.மீ. தொய்ய வேண்டிய இடத்தில் 15 என்று காகிதத்தில் வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? தொய்வைக் குறைத்துக் காட்டும் கணக்கு விட்டத்தை உள்ளதைவிட விறைப்பானதாகக் காட்டுகிறது. அதே விறைப்பை வைத்து அதிர்வெண்ணைக் கணக்கிட்டால் அதுவும் கூடுதலாக வரும். மெலிந்த தூண் எந்தச் சுமையில் பிதுங்கும் என்று பார்த்தாலும், அது தாங்கக்கூடியதைவிட அதிகமாகத் தாங்கும் என்றே வரும். பிழை எப்போதும் ஆபத்தான பக்கமே சாய்கிறது.

நம்பும்படியான எண் என்ன செய்யும் என்பதை நார்வே கண்டது. 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவங்கர் நகருக்கு அருகே கடற்கழியில் சோதனைக்காக அமிழ்த்தப்பட்ட ஸ்லெய்ப்னர்-ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சுவர் பிளந்து மூழ்கி நொறுங்கியது. இழப்பு சுமார் 70 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். சிறுகூறுக் கணக்கு அந்தச் சுவர்களில் வரும் சறுக்கத் தகைவை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அங்கே நடந்தது சறுக்கப் பூட்டு அல்ல. அந்தச் சந்திப்புகளுக்குப் பொருந்தாத, பரும்படியான, கோணலான துண்டுகள் செய்த வேலை. ஆனாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. துண்டுக்கு எந்த வடிவம் எடுக்கத் தெரியுமோ, அதற்கு மேல் கணினியால் எதையும் சொல்ல முடியாது.

குறைவாகக் கேட்டால் சரியாகச் சொல்கிறது

இனி மருந்துக்கு வருவோம். சிறுகூறு முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு கூறுக்குள் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அறிய, கூறின் நீளம் முழுவதும் கூட்டிப் பார்க்க வேண்டும். கணினி அப்படி ஒவ்வொரு புள்ளியாகப் போவதில்லை. காஸ் 1814-இல் தந்த முறைப்படி, தேர்ந்தெடுத்த சில புள்ளிகளில் மட்டும் மதிப்பைக் கேட்டு மொத்தத்தைக் கண்டுவிடுகிறது. நம் கூறுக்குத் துளி பிசகாத மொத்தம் வேண்டுமென்றால் இரண்டு புள்ளிகள் தேவை. இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் 21 சதவீதம் உள்ளே தள்ளி அவை இருக்கும்.

முந்தைய எண்களையே போட்டுப் பார்ப்போம். இடப்பக்கப் புள்ளியில் சாய்வு 2.1, சரிவு 5, வித்தியாசம் 2.9. வலப்பக்கப் புள்ளியில் சாய்வு 7.9, சரிவு 5. வித்தியாசம் எதிர்த்திசையில் 2.9. ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். சேர்த்தால் தீர்ந்துவிட வேண்டுமல்லவா? தீராது. ஆற்றல் வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கத்தில் கழித்தல் குறி மறைந்து இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. பொய்ச் செலவு முழுவதும் கணக்கில் ஏறிவிடுகிறது.

இப்போது இரண்டு புள்ளிகளை விட்டுவிட்டு, சறுக்கத்தை மட்டும் நடுப்புள்ளி ஒன்றில் கேளுங்கள். அங்கே சரிவு 5, சாய்வு 5. வித்தியாசம் இல்லை. பொய்ச் சறுக்கம் கணக்கில் ஏறவே இல்லை. பூட்டு திறந்துகொள்கிறது.

விடை எப்படி மாறுகிறது பாருங்கள். ஸ்கேல் முழுவதும் ஒரே கூறாக இருக்கும்போதே தொய்வு 1.875 மி.மீ.; உண்மையில் முக்கால் பங்கு. இரண்டு கூறுகள் போட்டால் 2.34. பத்து கூறுகளுக்கு 2.49. முன்பு ஆயிரம் துண்டுக்கும் கிடைக்காத துல்லியம் இப்போது பத்திலேயே கிடைத்துவிடுகிறது, அதுவும் முன்பைவிடக் குறைவாகக் கணக்கிட்டு.

இதற்குக் குறைத்த தொகையிடல் என்று பெயர். ஸீன்கிவிட்ஸ், டெய்லர், டூ மூவரும் 1971-இல் இதைத் தகடுகளுக்கும் ஓடுகளுக்கும் கையாண்டு காட்டினார்கள். 1977-இல் ஹியூஸ், டெய்லர், கனோக்-நுகுல்சாய் ஆகியோர் இதே வழியில் தகடுகளுக்கு எளிய கூறு ஒன்றை அமைத்தார்கள். வேலை நடந்தது. ஆனாலும் பலருக்கு உறுத்தல் இருந்தது. துல்லியத்தைக் குறைத்தால் விடை துல்லியமாகிறது என்றால் அது கணிதமா, கண்கட்டு வித்தையா?

பெங்களூரிலிருந்து ஒரு விளக்கம்

அந்த உறுத்தலை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் கங்கன் பிரதாப். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1982-இல் ஜி.ஆர்.பாஷ்யத்துடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை விட்டக் கூறை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது.

அவர் காட்டியதை நம் ஸ்கேலிலேயே சொல்லலாம். கூறுக்குள் தோன்றும் சறுக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி கூறு முழுவதும் மாறாமல் இருப்பது. இன்னொன்று முனைக்கு முனை ஏறி இறங்குவது. மெலிந்த விட்டத்தில் சறுக்கம் அற்றுப்போக வேண்டும் என்பதால் கணினி இரண்டையுமே பூஜ்யமாக்க முயல்கிறது. முதல் பகுதி பூஜ்யமானால் என்ன பொருள்? நடுக்கோட்டின் சரிவும் சராசரிச் சாய்வும் சமம். நியாயமான நிபந்தனை, இயற்கையும் அதைத்தான் கேட்கிறது. இரண்டாம் பகுதி பூஜ்யமானால்? அந்தப் பகுதியில் சாய்வு மட்டும்தான் இருக்கிறது. அதை ஈடுகட்டச் சரிவில் எதுவும் இல்லை. அது பூஜ்யமாக வேண்டுமென்றால் சாய்வு இடத்துக்கு இடம் மாறக்கூடாது. சாய்வு மாறவில்லை என்றால் வளைவே இல்லை. இது இயற்கை கேட்காத நிபந்தனை. நாம் போட்ட நேர்க்கோடு தானாகக் கொண்டுவந்து நுழைத்தது.

நடுப்புள்ளியில் கேட்பது நியாயமான பகுதியை முழுதாக வைத்துக்கொண்டு, நுழைந்துவந்ததை மட்டும் நீக்குகிறது. சறுக்கத்தின் இரு பாதிகளும், அதாவது சரிவும் சாய்வும், ஒரே தரத்துக் கோடுகளாக இருந்தால் பூட்டு விழாது என்ற இந்தக் கருத்தைப் பிரதாப் பின்னர் பல வகைக் கூறுகளுக்கும் விரித்தார். அதனால் மருந்தும் ஒன்றோடு நிற்கவில்லை. இறக்கத்துக்கு நேர்க்கோட்டுக்குப் பதில் வளைகோடு கொடுக்கலாம். சறுக்கம் இப்படித்தான் மாறலாம் என்று முன்கூட்டியே கட்டுப்படுத்தி எழுதலாம். எல்லாமே அந்தப் பொய் நிபந்தனையை நுழையவிடாமல் தடுக்கும் வழிகள்தாம்.

அவர் சுட்டிய இன்னொரு அடையாளமும் பயனுள்ளது. பூட்டிக்கொண்ட கூறுகளில் சறுக்க விசையை வரைந்து பார்த்தால் ஒவ்வொரு கூறுக்குள்ளும் அது ரம்பப் பல்லாக மேலும் கீழும் பாயும். நடுப்புள்ளியில் மட்டும் சரியாக இருக்கும்.

செங்கல் கூறின் சிக்கல்

விட்டக் கூறில் நடுப்புள்ளி வைத்தியத்துக்குப் பக்கவிளைவு இல்லை. எட்டு மூலைகள் கொண்ட செங்கல் வடிவக் கூறுகளை அடுக்கி விட்டத்தை உருவாக்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் செங்கலுக்கும் நேர்விளிம்புகள்தாம். வளைக்கும்போது அதுவும் பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறக்க நடுவில் ஒரே புள்ளியில் கேட்டால் வேறு தொல்லை வருகிறது. அந்தச் செங்கல் 18 விதமாக உருமாற முடியும். நடுப்புள்ளிக்குத் தெரிவது அவற்றில் 6 மட்டுமே. மீதி 12 விதங்களில் அது எந்த எதிர்ப்பும் இன்றி நெளியும். பக்கத்துப் பக்கத்துக் கூறுகள் மணற்கடிகார வடிவில் கோணிக்கொண்டு நிற்கும். கணினி அதற்குச் செலவே இல்லை என்று நினைக்கும். அபாகஸ் போன்ற மென்பொருள்கள் இந்த நெளிவைத் தடுக்கச் சிறிதளவு செயற்கை விறைப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. விட்டத்தின் ஆழத்துக்கு ஒரே ஒரு செங்கலை வைத்தால் அதுவும் கைகொடுக்காது. குறைந்தது நான்கையாவது அடுக்க வேண்டும்.

வில்சனும் அவர் குழுவும் 1973-இல் வேறு பாதையில் போனார்கள். செங்கலின் விளிம்பு நேராக இருப்பதுதானே சிக்கல்? வளைந்த வடிவம் ஒன்றைக் கூறுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், பக்கத்துக் கூறோடு அது இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி. ஒழுங்கான செவ்வகச் செங்கல்களில் வளைவைக் கணக்கிட இன்றைக்கும் நான் முதலில் கைவைப்பது இந்த வகையைத்தான். செங்கல் கோணலாகிவிட்டால் அதன் பலன் வேகமாகக் குறைந்துவிடும்.

உங்கள் மென்பொருளைச் சோதிக்க

எந்தக் கூறு பூட்டிக்கொள்ளும், எது கொள்ளாது என்று மென்பொருள் கையேட்டைப் புரட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். ஸ்கேலைப் போல ஒரு முனை பிடித்த மெலிந்த விட்டம் ஒன்றைச் சில கூறுகளால் உருவாக்கி நுனியில் எடை வையுங்கள். தொய்வைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறெதையும் தொடாமல் தடிமனை மட்டும் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். தொய்வு 8 மடங்கு ஆக வேண்டும். நம் ஸ்கேலில் 2.5 மி.மீ. இருந்தது 20 மி.மீ. ஆகும். 2 மடங்கு மட்டும் ஆனால் கூறு முழுதாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது; தடிமனின் மும்மடி விதி அதன் கணக்குக்குள் நுழையவே இல்லை. 2-க்கும் 8-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வந்தால் பாதி பூட்டு. அப்போது துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போகாமல் கூறின் வகையை மாற்றுங்கள்.